ஏழு கடல், ஒரு கிண்ணம்

மெக்ஸிகோவின் சாதாரணக் கடைகளில் கிடைக்கும் கடலுணவு சூப், விற்றது போக மிஞ்சியதில் பிறந்தது. இன்று மிஞ்சுவதே குறைந்துவருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. பசிபிக் கரையில் உள்ள மாஸாத்லான் துறைமுகத்தில் தேவாலயப் பூசை முடிந்து வரும் குடும்பங்களும், சனிக்கிழமை இரவின் போதை இன்னும் இறங்காத இளைஞர்களும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள். மேலே தகரக் கூரை. பீர் கம்பெனியின் பெயர் பொறித்த பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஜை மேல் நறுக்கிய எலுமிச்சை, உப்பு பிஸ்கட் பாக்கெட்டுகள், மூன்று நான்கு மிளகாய் சாஸ் பாட்டில்கள். விலைப்பட்டியல் சுவரிலேயே பெயின்டால் எழுதப்பட்டிருக்கிறது. இத்தகைய கடைக்கு 'மாரிஸ்கேரியா' என்று பெயர். கடலுணவுக் கடை என்று பொருள்.

ஆர்டர் செய்த பத்து நிமிடத்தில் ஆவி பறக்க வந்து இறங்குகிறது ஒரு பெரிய கிண்ணம். செங்கல் நிறச் சாறு. அதற்கு மேல் ஒரு முழு நண்டுக் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கரண்டியை விட்டுத் துழாவினால் தலையோடு கூடிய இறால், ஆக்டோபஸ் துண்டு, கணவாய் வளையம், வாய் திறந்த மட்டி, முள்ளோடு ஒரு மீன் துண்டு, கூடவே உருளைக்கிழங்கும் கேரட்டும். சாப்பிடக் கரண்டி மட்டும் போதாது. இரு கைகளும் வேண்டும். பக்கத்து மேஜைக்காரர்கள் நண்டு ஓட்டைக் கடித்து உடைக்கும் சத்தத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இதன் பெயர் 'கால்தோ தே ஸியேத்தே மாரெஸ்', அதாவது ஏழு கடல் சூப். பெயரில்தான் ஏழு, கிண்ணத்தில் எத்தனை வகை இருக்கும் என்பது அன்றைய வலையைப் பொறுத்தது. சில நாள் ஒன்பது, சில நாள் நான்கு. வாடிக்கையாளர்கள் எண்ணிப் பார்த்துச் சண்டை போடுவதில்லை. ஆனால் சாறு நீர்த்துப் போயிருந்தால் மறுவாரம் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

தலையில்தான் ருசி

இந்தச் சாறு ஒன்றும் பரம ரகசியமல்ல. 'குவாஹீயோ' என்ற நீளமான காய்ந்த மிளகாயைக் கிள்ளி, விதை நீக்கி, லேசாக வறுத்து வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். தக்காளி, பூண்டு, வெங்காயத்தோடு அதை மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, காய்ந்த எண்ணெயில் ஊற்றி நிறம் மாறும் வரை வதக்குகிறார்கள். குவாஹீயோவில் காரம் கம்மி, நிறம் ஜாஸ்தி. பார்த்தால் பயமுறுத்தும் சிவப்பு, வாயில் வைத்தால் சாது. காரம் வேண்டியவர் மேஜை மேல் உள்ள பாட்டிலைச் சாய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

உண்மையான வேலை மற்றொரு பாத்திரத்தில் நடக்கிறது. இறால் தலைகள், ஓடுகள், மீன் தலைகள், எலும்புகள் இவையெல்லாம் அதில் கொதிக்கின்றன. பணக்கார ஹோட்டலில் குப்பைக்குப் போகிற பாகங்கள் இவை. அரைத்த விழுது இந்தச் சாற்றில் சேர்ந்த பிறகு காய்கறி, பிறகு நண்டு, அப்புறம் மீன், மட்டி என்று வேகும் நேரத்தை ஒட்டி ஒவ்வொன்றாக இறங்குகின்றன. இறால் கடைசியில்தான். ஆக்டோபஸைத் தனியாக வேகவைத்துச் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் ரப்பர்தான். ஆரிகானோ, பிரிஞ்சி இலை, சில இடங்களில் 'எபஸோத்தே' என்ற நெடியடிக்கும் தழை. இறக்கியதும் கொத்தமல்லித் தழை, பச்சை வெங்காயம். புளிப்புக்கு எலுமிச்சை. அதைப் பிழிந்துகொள்வது சாப்பிடுபவரின் பொறுப்பு.

சமையலறையில் மிக்ஸி புதிது, முறை பழையது. விலை போகும் மீனைக் கரையில் விற்றுவிட்டு, உடைந்த நண்டையும் சின்ன மீனையும் மீனவர்கள் தங்கள் வீட்டுப் பானையில் போட்டார்கள். உலகம் முழுக்க மீனவர் சூப்புகளின் கதை இதுதான். மெக்ஸிகோவில் இதற்கு இன்னொரு கூர்மையும் உண்டு. ஏற்றுமதிக்குப் போகும் மெக்ஸிகோ இறாலின் பெரிய சந்தை எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவில் இருக்கிறது. பெரிய இறாலுக்கு டாலரில் விலை. அது உறைபெட்டியில் வடக்கே போகிறது. சின்ன இறாலும் காய்ந்த இறாலும் உள்ளூர்ப் பானைக்கு வருகின்றன.

மாஸாத்லானின் ஆகிலெஸ் ஸெர்தான் தெருவில் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். வரிசையாகக் குடை விரித்து, பிளாஸ்டிக் தொட்டிகளில் ஐஸும் இறாலும் நிரப்பிப் பெண்கள் விற்கிறார்கள். 'சங்கேராஸ்' என்று ஊர் அவர்களை அழைக்கிறது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சைஸ். ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு விலை. சூப் போடும் கடைக்காரர் பெரிய இறால் தொட்டிப் பக்கம் பார்வையைத் திருப்புவதே இல்லை.

கரைக்கு ஒரு ருசி

பசிபிக் கரையில் ஏழு கடல் என்றால், கிழக்கே மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் வேராக்ரூஸ் மாநிலத்தின் பெருமை 'சில்பச்சோலே'. இது நண்டு சூப். புகையில் உலர்த்திய 'சிப்போத்லே' மிளகாயும் எபஸோத்தேயும் சேர்ந்த அடர்த்தியான சாறு. மக்காச்சோள மாவைக் கரைத்துக் கெட்டியாக்குவார்கள். சிலர் அந்த மாவையே சின்ன உருண்டைகளாகப் பிடித்துப் போடுவார்கள். ஸ்பானியர்கள் 1519இல் வந்து இறங்கிய கரை இதுதான். ஆனாலும் இந்தப் பெயரின் வேர் அவர்களுக்கு முன்பிருந்த நாவாத்ல் மொழியைச் சேர்ந்தது. அதே மாநிலத்து மீனவர் ஊரான அல்வராதோவில் 'கால்தோ லார்கோ' என்று மீனும் இறாலும் நண்டும் சேர்ந்த இன்னொரு சூப் உண்டு.

கடலே இல்லாத ஊரில்? மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேராக்ரூஸ் துறைமுகம் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில். அஸ்தெக் பேரரசர் மொக்தேஸுமாவுக்கு ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கரையிலிருந்து மீன் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். இன்று அந்த ஓட்டத்தை லாரிகள் ஓடுகின்றன. நகரின் கிழக்கே இஸ்தபலாபா பகுதியில் உள்ள 'லா நுவேவா வீகா' சந்தையில் விடியுமுன்பே அவை வந்து நிற்கின்றன. லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய மீன் சந்தைகளில் இது ஒன்று. நகரத்தின் கடலுணவுக் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு மீன் இங்கிருந்துதான்.

தலைநகரில் இந்த சூப்பின் ஏழை அவதாரம் 'கால்தோ தே கமரோன்'. காய்ந்த இறாலில் செய்வது. இறால் கருவாட்டின் மணம் தெரிந்தவர்களுக்கு முதல் வாய் அந்நியமாக இருக்காது. 'கந்தீனா' எனப்படும் மதுக்கடைகளில் இதைச் சின்ன டம்ளரில், பல இடங்களில் இலவசமாகவே தருகிறார்கள். உப்பும் காரமும் தூக்கலாக இருக்கும். அடுத்த பீருக்கு அதுவே அழைப்பு. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில் இதே சூப் பக்திமானாக மாறிவிடும். கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்பதால், குடும்பமாக நடத்தும் 'ஃபோந்தா' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அன்றைய சூப் இதுவாகவே இருக்கும்.

ஃபோந்தாவில் நுழைபவர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மதியச் சாப்பாட்டில் முதலில் ஒரு சூப், பிறகு இன்னொரு 'சூப்', பிறகுதான் முக்கியப் பதார்த்தம். இரண்டாவது சூப்புக்காகக் கரண்டியோடு காத்திருந்தால் வருவது தட்டு நிறையச் சோறு. சோற்றுக்கு அங்கே 'ஸோப்பா ஸேகா', அதாவது 'உலர்ந்த சூப்' என்று பெயர்.

உயிர்ப்பிக்கும் சாறு

முந்தைய இரவு குடித்ததால் வரும் தலைவலியை மெக்ஸிகர்கள் 'க்ரூதா' என்கிறார்கள். 'வேகாதது', 'பச்சை' என்பது அந்தச் சொல்லின் நேர்ப் பொருள். பச்சையாகக் கிடப்பவனை வேகவைத்து எடுக்கக் கொதிக்கும் சாறு வேண்டும் என்பது மக்களின் வைத்தியம். சிப்பி, இறால், ஆக்டோபஸ் கலந்த ஒரு குளிர்ந்த கலவைக்கு 'வுவெல்வே அ லா வீதா' என்றே பெயர். உயிரோடு திரும்பி வா என்று பொருள். மருத்துவர்கள் இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, இழந்த நீரையும் உப்பையும் ஒரு கிண்ணம் சாறு ஓரளவு திருப்பித் தருகிறது என்பது நிஜம்.

கடலுணவு அங்கே பகல் சாப்பாடு. பல மாரிஸ்கேரியாக்கள் மாலையிலேயே பூட்டிவிடும். காலையில் வந்த மீனை அன்றே தீர்க்க வேண்டும் என்பது ஐஸ் அரிதாக இருந்த காலத்துப் பழக்கம். இப்போதும் அது நல்ல பழக்கமாகவே இருக்கிறது. வெளியூர்க்காரர் நல்ல கடையைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. மதியம் ஒரு மணிக்கு நாற்காலி காலியில்லாத கடை, ஐந்து மணிக்குக் கழுவிக் கவிழ்த்த பானை இருக்கும் கடை, இவற்றை நம்பலாம்.

கொதிக்கவைத்த சாறு என்பதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. 1991 ஜனவரியில் பெருவில் வெடித்த காலரா அதே ஆண்டின் நடுவில் மெக்ஸிகோவுக்கும் வந்தது. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செய்யும் 'செவிச்சே' லத்தீன் அமெரிக்கா நெடுகச் சந்தேகத்துக்கு உள்ளானது. எலுமிச்சை மீனின் நிறத்தை மாற்றும். கிருமியைக் கொல்லும் என்று நம்ப முடியாது. தளதளவென்று கொதிக்கும் பானைக்கு அந்தச் சந்தேகம் கிடையாது.

டம்ளரில் இந்தியா

சூப்போடு குடிக்க என்ன என்று கேட்டால் பல கடைகளில் கிடைக்கும் பதில், 'ஆகுவா தே தமரிந்தோ'. வேறொன்றுமில்லை, சர்க்கரை போட்ட புளித் தண்ணீர். ஆப்பிரிக்காவில் தோன்றி இந்தியாவில் ஊன்றிய மரம் புளி. 'இந்தியப் பேரீச்சை' என்று அரபியர்கள் வைத்த பெயர்தான் ஸ்பானிஷில் தமரிந்தோ ஆயிற்று. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்ஸிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களோடு ஆசியாவின் பல பொருள்கள் பசிபிக் கரையில் இறங்கின. மறுபுறம், மெக்ஸிகோ மண்ணில் பயிரான மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று தமிழ் அதற்குப் பெயர் வைத்து வீட்டுப் பொருளாக்கிக்கொண்டது. கிண்ணத்தில் இருப்பது அங்கிருந்து இங்கு வந்தது. டம்ளரில் இருப்பது இங்கிருந்து அங்கு போனது.

1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்ஸிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாஸும் இந்த உறவைக் கவனித்தார். 1995இல் இந்தியாவைப் பற்றி வெளியிட்ட நூலில், மெக்ஸிகோவின் 'மோலே' குழம்புக்கும் இந்தியக் குழம்புக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துச் சொன்னார்.

எந்த மீன்?

2010இல் மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்ந்தது. வடமேற்கில் கடலுணவுக்குப் பேர்போன என்ஸெனாடாவை 2015இல் அதே யுனெஸ்கோ சமையற்கலைக்கான படைப்பூக்க நகரங்களில் ஒன்றாக அறிவித்தது. கௌரவங்கள் வந்தன, சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். பானைக்குள் வரும் மீன்தான் சிக்கலாகிவிட்டது.

2019இல் ஓசியானா என்ற கடல் பாதுகாப்பு அமைப்பு மெக்ஸிகோ நகரம், மாஸாத்லான், கான்குன் ஆகிய ஊர்களின் உணவகங்களிலும் மீன் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் மாதிரிகள் எடுத்து மரபணுச் சோதனை செய்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சொன்ன மீன் அல்ல. விலை உயர்ந்த மீனின் பெயரில் விலை குறைந்த மீன். 'பூனையைக் காட்டி முயல் என்பது' என்று ஸ்பானிஷில் ஒரு வழக்கு உண்டு. அறிக்கைக்கு அதையே தலைப்பாக வைத்தார்கள்.

இந்த ஏமாற்று எல்லா இடத்திலும் கடைக்காரர் கையில் நடப்பதல்ல. படகிலிருந்து தட்டு வரை பல கை மாறுகிறது. எந்தக் கையில் பெயர் மாறியது என்று சொல்வது கடினம். வறுத்த மீனை விட சூப்பில் இது இன்னும் சுலபம். மிளகாய்ச் சாற்றில் வெந்த ஒரு துண்டு வெள்ளை மீன், உள்ளூர்க் கடல் மீனா, பண்ணைத் திலாப்பியாவா, வியட்நாமிலிருந்து உறைந்து வந்த பாஸாவா என்று நாக்கு கண்டுபிடிப்பது சிரமம். திலாப்பியா போட்ட சூப் மோசமானது என்பதில்லை. சாதாரண மனிதர்களுக்கு அந்தக் கிண்ணம் கட்டுப்படியாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதைத் திலாப்பியா என்று சொல்லி விற்க வேண்டும். இறாலின் கதையும் மாறிவிட்டது. இன்று மெக்ஸிகோவில் உற்பத்தியாகும் இறாலில் பெரும்பகுதி கரையோரப் பண்ணைகளில் வளர்வது. பசிபிக் கரையில் ஆண்டுதோறும் வசந்த காலத்திலிருந்து பல மாதம் கடல் இறால் பிடிக்கத் தடை இருக்கும். அந்த மாதங்களிலும் சூப் சிவப்பாகத்தான் வருகிறது.

இறால் வலையின் மிகக் கசப்பான கணக்கு கலிஃபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத 'வக்கீத்தா' என்ற குட்டிக் கடற்பன்றி இனம் அங்கே வாழ்கிறது. 1997இல் கணக்கெடுத்தபோது 600க்குச் சற்றுக் குறைவாக இருந்தவை, அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் பத்தை ஒட்டியே காணப்பட்டன. இவற்றை யாரும் குறிவைத்துப் பிடிப்பதில்லை. இறாலுக்கும் மீனுக்கும் விரிக்கும் செவுள் வலையில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் சாகின்றன. 'தோத்தோவாபா' என்ற பெரிய மீனுக்கான திருட்டு வலைகள் இன்னும் கொடியவை. அந்த மீனின் காற்றுப்பைக்குச் சீனக் கள்ளச்சந்தையில் பெரும் விலை. மெக்ஸிகோ அதைப் பிடிப்பதை 1975லேயே தடை செய்தும் வேட்டை நிற்கவில்லை.

2015இல் அப்பகுதியில் செவுள் வலைகளுக்குத் தற்காலிகத் தடை வந்தது; 2017இல் அது நிரந்தரமானது. 2018இல் அங்கே செவுள் வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுத்தது. வக்கீத்தாவைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்பது விஞ்ஞானிகளின் வாதம். ஸான் ஃபெலிப்பே போன்ற சிற்றூர்களின் மீனவர்களுக்கோ அது பிழைப்புக்கு விழுந்த அடி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கிண்ணத்தில் மிதக்கும் இறாலுக்கோ எந்த வலையில் சிக்கினோம் என்று சொல்ல வாய் கிடையாது.

கடைக்காரருக்குத்தான் வாய் உண்டு. அதனால்தான் பழைய வாடிக்கையாளர்கள் உட்கார்ந்ததும் விலையைக் கேட்பதில்லை. 'இன்றைக்கு என்ன மீன்?' என்று கேட்கிறார்கள். 'மீன்தான்' என்று மொட்டையாகப் பதில் வந்தால், ஒரு செவிச்சேயோ சோடாவோ சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். மீனின் பெயரும், எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதும், 'இன்று நண்டு கிடைக்கவில்லை, ஐந்து கடல்தான்' என்ற ஒப்புதலும் சேர்ந்து வந்தால் அந்தக் கடையில் உட்காரலாம்.

நாலு மணி ஆகிறது. மாஸாத்லானில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியாக வந்தவருக்குப் பானையின் அடியைச் சுரண்டி ஊற்றுகிறார்கள். அதில் ஏழு கடலும் இல்லை. ஒரு நண்டுக் கால், இரண்டு இறால் தலை, நாள் முழுக்கக் கொதித்து வற்றிய சாறு. தெரிந்தவர்கள் வேண்டுமென்றே நேரம் கழித்து வருவது இதற்காகத்தான்.